மருந்துத் தாளைத் திருத்திய போன்

போன மாதம் திவ்யா கூப்பிட்டாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். குரலில் எப்போதும் ஒரு அவசரம் இருக்கும்.

"மேடம், ஒரு சின்ன டவுட். ஆபீஸ்ல புது ஆப் வருது. அதுல எல்லாமே தானா சிங்க் ஆயிடுமாம். டாக்டர் ஒவ்வொரு மருந்துத் தாள்லயும் 'பார்த்தேன், மாற்றம் இல்லை'ன்னு எழுதறாரு இல்ல, அந்தக் கட்டம் எதுக்குன்னு ஆப் பண்றவங்க கேக்கறாங்க. மாற்றமே இல்லைன்னா எதுக்கு எழுதணும்? எடுத்துடலாமா?"

எடுக்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை, எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு வரியில் முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை.

நான் படித்தது தட்டச்சு. அதற்கு மேல் கொஞ்ச நாள் கம்ப்யூட்டர் வகுப்பு, செருப்பை வெளியே விட்டுவிட்டு ஏ.சி. அறைக்குள் நடுங்கிக்கொண்டு. முதல் வேலை ஒரு பம்பு கம்பெனியில் கிடைத்தது. தொழிற்சாலை பல்லாவரம் பக்கம், அலுவலகம் தாம்பரத்தில். இடத்துக்கு ஒரு கம்ப்யூட்டர். இரண்டிலும் ஒரே சரக்குப் பட்டியல் இருக்க வேண்டும். அதை ஒன்றாக வைத்திருக்கும் வேலை என்னுடையது, சரியாகச் சொன்னால் என் கால்களுடையது. பட்டியலைப் பதிந்த பிளாப்பித் தகட்டை ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸில் போட்டு, மழைத் தண்ணீர் போகாமல் இறுக்கி மூடி, பஸ்ஸில் கொண்டு போவேன். மத்தியான நேரத்தில் பக்கத்து சீட்டுக்காரர்கள் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு வருவார்கள்.

அங்கே இருந்தது ஒரே சட்டம். பிளாப்பி எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடம்தான் எழுதலாம். மற்ற இடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டும். ஆமை வேகம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எது புதியது, எது பழையது என்ற குழப்பம் அங்கே வந்ததே இல்லை. புதியது டிபன் பாக்ஸுக்குள் இருக்கும்.

பிறகு பென் டிரைவ் வந்தது. பிறகு ஈமெயில் வந்தது, ஒரே ஃபைல் 'கடைசி', 'கடைசி புதுசு', 'இதுதான் கடைசி' என்று குட்டி போட ஆரம்பித்தது. இரண்டு மூன்று கம்பெனி மாறினேன். எல்லா இடத்திலும் என் பிழைப்பு ஒன்றுதான். ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்ப்பது. இதில் என்ன சுவாரசியம் என்று என் தங்கை கேட்பாள். எனக்குச் சலித்ததே இல்லை. ஒன்று போல இருக்க வேண்டிய இரண்டு ஏன் ஒன்று போல இல்லை என்று தேடிப்போவதில் எனக்கு அப்படி ஒரு ஆசை.

கடைசியாகச் சேர்ந்தது குரோம்பேட்டையில், வீடுகளுக்கு நர்ஸ் அனுப்பும் ஒரு சின்ன நிறுவனத்தில். ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு துணிக்கடையின் மாடி. அங்கேதான் திவ்யா இப்போது உட்கார்ந்திருக்கிறாள்.

நான் சேர்ந்தபோதே அங்கே எல்லாம் கிளவுடில் இருந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு மருந்துத் தாள், கம்ப்யூட்டரில் உள்ள ஒரு சின்ன ஃபைல். அதன் மூலப்பிரதி எங்கோ, நாங்கள் யாரும் கண்ணால் பார்க்காத கம்ப்யூட்டரில் இருக்கிறது. டாக்டர் மேஜையில் ஒரு நகல், நர்ஸ்களின் போனில் ஒவ்வொரு நகல். யார் எங்கே திருத்தினாலும் அது மேலே போய், மற்ற நகல்களுக்கு இறங்கி வரும். போனில் இந்த வேலையைச் செய்ய ஒரு இலவச ஆப் இருந்தது. அதற்குத் தெரிந்த சூத்திரம் ஒன்றே ஒன்று. போனில் இருக்கும் தாளையும் மேலே இருக்கும் தாளையும் பார்க்கும். எதில் பிந்திய நேரம் போட்டிருக்கிறதோ அது புதியது. அதை எடுத்து மற்றதன் மேல் வைத்துவிடும்.

முதல் நாள் டாக்டரின் கம்ப்யூட்டரில் ஒரு எழுத்தை மாற்றிவிட்டு, கையில் ஒரு போனை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். சிறிது நேரத்தில் போனிலும் அந்த எழுத்து மாறியது. பஸ் இல்லை, மழை இல்லை, டிபன் பாக்ஸ் இல்லை. சின்னப் பிள்ளை மாதிரி மறுபடி மறுபடி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நிறுவனத்தின் சொந்தக்காரரும் டாக்டரும் ஒரே ஆள்தான். டாக்டர் விவேக். என் மகன் வயதுதான் இருக்கும். மகா சுறுசுறுப்பு. நீங்கள் அனுப்பிய மெசேஜ் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதற்குள் பதில் வந்திருக்கும். அன்றாட நிர்வாகம் முழுவதும் ஞானராஜ் சார் கையில். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மேற்குத் தாம்பரத்துக்காரர். எனக்கு மேலதிகாரியும் அவரே.

ஞானராஜ் சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஏதாவது தப்பு நடந்தால் சம்பந்தப்பட்டவரைத் தன் அறைக்குக் கூப்பிடுவார். உட்காரச் சொல்வார். எழுந்து போய் ஃபேனை அணைத்துவிட்டு வருவார். சத்தத்தில் சொன்னது காதில் விழாமல் போய்விடக் கூடாது என்பார். மே மாதத்திலும் இதேதான். யாரும் சுற்றி வளைத்துப் பேசாமல் சீக்கிரம் சொல்லி முடிப்பதற்கு அது ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இன்னொரு பழக்கமும் உண்டு. நடந்ததை முதலிலிருந்து சொல்ல விடமாட்டார். கடைசியிலிருந்து பின்னோக்கிச் சொல்ல வேண்டும். "முதல்லேருந்து சொன்னா மனுஷன் காரணம் சேர்த்துச் சேர்த்துச் சொல்லுவான் கோமதி. பின்னாலேருந்து சொன்னா நடந்தது மட்டும்தான் வரும்" என்பார். ரயில்வே விசாரணைகளில் பழகியது.

மருந்துத் தாள் விஷயத்தில் அவர் போட்ட கட்டளை ஒன்று இருந்தது. மருந்தின் அளவை யாரும் வாயால் சொல்லக் கூடாது, டாக்டரே ஆனாலும். தாளில் என்ன இருக்கிறதோ அதுதான் அளவு. நர்ஸ் அதைப் பார்த்துத்தான் மாத்திரை கொடுக்க வேண்டும். நல்ல கட்டளை. இன்றும் நல்ல கட்டளை என்றுதான் சொல்வேன்.

செம்பாக்கத்தில், ஏரிக்கு அந்தப் பக்கம், பத்மாவதி டீச்சர் என்று ஒருவர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இதயத்தில் வால்வு மாற்றியிருந்தார்கள். அதனால் ரத்தம் உறையாமல் இருக்க தினமும் ஒரு மாத்திரை. அந்த மாத்திரை பொல்லாதது. அளவு குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளும், கூடினால் உள்ளே எங்காவது கசியும். வாரம் ஒருமுறை விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஒரு சின்ன மீட்டரில் வைத்தால் அங்கேயே ஒரு எண் வரும். எண் ஏறினால் மருந்து கூடிவிட்டது என்று அர்த்தம். அந்த எண்ணைப் பார்த்து டாக்டர் அந்த வாரத்துக்கு அளவு சொல்வார். மற்ற நோயாளிகளுக்கெல்லாம் ரத்தம் லேபுக்குப் போய் சாயங்காலம்தான் ரிசல்ட் வரும். உடனே ரிசல்ட் வருவது டீச்சருக்கு மட்டும்தான்.

டீச்சர் வீட்டுக்குப் போகும் நர்ஸ் ஸ்டெல்லா. கூடுவாஞ்சேரியிலிருந்து எலக்ட்ரிக் ட்ரெயினில் தாம்பரம் வந்து, அங்கிருந்து பஸ்ஸோ ஷேர் ஆட்டோவோ பிடித்து செம்பாக்கம் போவாள். இரண்டு பிள்ளைகள். கணவருக்கு ஷிப்டு வேலை. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற சுபாவம். விரலில் குத்தி எண்ணைத் தாளில் எழுதிச் சேமிப்பாள். அது டாக்டருக்குப் போகும். டாக்டர் அளவை மாற்றுவதென்றால் மாற்றுவார், இல்லையென்றால் விட்டுவிடுவார். ஸ்டெல்லா சிறிது நேரம் உட்கார்ந்து டீச்சரோடு பேசிக்கொண்டிருந்துவிட்டு, தாளை மறுபடி திறந்து பார்த்து, ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு அறை இருக்கும் மாத்திரைப் பெட்டியில் அந்த வாரத்துக்கானதை நிரப்பிவிட்டு வருவாள். பல வாரம் எந்தக் குறையும் இல்லாமல் நடந்தது. அந்த வாரங்களில் அளவு மாறவே இல்லை என்பது பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

ஒரு வாரம் டீச்சரின் எண் கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டர் அளவைக் குறைத்தார். அடுத்த வாரம் ஸ்டெல்லா போனபோது டீச்சரின் முழங்கைக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் பெரிய கன்றல். பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வருகிறது என்றும் சொன்னார். ஸ்டெல்லா குத்திப் பார்த்தால் எண் எங்கோ ஏறிப்போய் நின்றது. அங்கிருந்தே போன் செய்தாள். டாக்டர் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, ஆஸ்பத்திரியில் சேர்த்து, நாலு நாளில் டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார். நல்லவேளை, தலைக்குள் கசிந்திருந்தால் கதையே வேறு.

மாத்திரைப் பெட்டியில் மிச்சமிருந்த கடைசி அறையைப் பார்த்தால், குறைக்காத பழைய அளவே போடப்பட்டிருந்தது. தாளைத் திறந்தால் அதிலும் பழைய அளவு.

"நான் குறைச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அவங்க எழுதின உடனே பார்த்து அப்பவே மாத்தினேன்" என்றார் டாக்டர்.

"தாள்ல இருந்ததைத்தான் சார் நான் போட்டேன்" என்றாள் ஸ்டெல்லா.

யார் சொல்வது உண்மை என்று பார்த்துச் சொல்ல வேண்டியது நான். கிளவுடில் ஒரு ஃபைலை யார் எப்போது மாற்றினார்கள் என்ற வரலாறு இருக்கும். எடுத்துப் பார்த்தேன். அந்தக் காலையில் மூன்று மாற்றங்கள். முதலில் ஸ்டெல்லாவின் போன். பிறகு டாக்டரின் கம்ப்யூட்டர், அதில் அளவு குறைந்திருக்கிறது. உடனே மறுபடி ஸ்டெல்லாவின் போன், அதில் பழைய அளவு.

இருப்பதைச் சொன்னேன். வேறு என்ன செய்வேன். டாக்டர் எழுதிய அளவை நர்ஸ் மாற்றினாள் என்றால் அவளுக்கு எங்களிடம் மட்டுமல்ல, இந்தப் பக்கம் எந்த நிறுவனத்திலும் வேலை கிடைக்காது. போதாததற்கு, அதற்கு முந்தைய மீட்டிங்கில் அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள். "அடிக்கடி அளவை மாத்தினா வயசானவங்க குழம்பிடறாங்க சார்" என்று. அது இப்போது எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. சிறுசேரியில் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் டீச்சரின் மகள் போன் செய்து, அந்த நர்ஸ் இனி எங்கள் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

டாக்டர் கெட்டவர் இல்லை. "பிரச்சினை ஆக்க வேணாம் சார். இந்த மாசத்தோட நின்னுக்கச் சொல்லுங்க" என்று ஞானராஜ் சாரிடம் சொன்னார். ஸ்டெல்லா அழவில்லை. "நான் தொடலை மேடம்" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள்.

மறுநாள் காலையில் மூன்று பிரதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக்கு எழுத்து பார்த்தேன். முதலாவதும் மூன்றாவதும் அப்படியே ஒன்று. ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. அங்கேதான் எனக்கு இடித்தது. நடுவில் டாக்டர் அளவைக் குறைத்ததோடு 'ஈறில் ரத்தம் வருகிறதா கேட்கவும்' என்று ஒரு குறிப்பும் எழுதியிருந்தார். மூன்றாவதில் அந்தக் குறிப்பும் இல்லை. அளவு பிடிக்காமல் மாற்றுகிறவள் எண்ணைத்தானே மாற்றுவாள். ஈறைப் பற்றிய குறிப்பு அவளை என்ன செய்தது? அதை ஏன் வேலை மெனக்கெட்டு அழிக்க வேண்டும்? இது ஒரு ஆள் யோசித்துச் செய்த வேலை மாதிரி இல்லை. பழைய தாளை அப்படியே தூக்கிப் புதிய தாளின் மேல் வைத்த மாதிரி இருந்தது.

ஞானராஜ் சாரிடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "அந்தப் பொண்ணைக் கூப்பிடு. நீயும் உக்காரு" என்றார். எழுந்து போய் ஃபேனை அணைத்தார்.

"கடைசியிலேருந்து சொல்லும்மா. அன்னிக்கு டீச்சர் வீட்டு வேலை முடிஞ்சு எங்கே போய்ச் சேர்ந்தே?"

"தாம்பரத்துல ட்ரெயின் ஏறினேன் சார். அடுத்த பேஷன்ட் வண்டலூர்."

"அதுக்கு முன்னாடி?"

"பிளாட்பாரத்துல நின்னேன். ரொம்ப நேரம் நிக்க வேண்டியதாப் போச்சு. எப்பவும் அப்படித்தான்."

"ஏன் எப்பவும்?"

"வீட்டு மணியை வச்சுக் கிளம்பறேன் இல்ல சார், சீக்கிரமே வந்துடுவேன்."

சார் பென்சிலை மேஜையில் வைத்தார். "வீட்டு மணின்னா?"

ஸ்டெல்லாவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. "வீட்டுக் கடிகாரத்தைக் கால் மணி நேரம் ஃபாஸ்ட்டா வச்சிருப்போம் சார். ட்ரெயினை விடக் கூடாதுன்னு. எங்க அம்மா வீட்டுலயும் அப்படித்தான்."

இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுக் கூடத்துக் கடிகாரமும் பத்து நிமிடம் முந்தித்தான் ஓடுகிறது. தாம்பரம் தாண்டி எந்த வீட்டிலும் போய்ப் பாருங்கள். முந்தி ஓடுவது எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் அதைப் பார்த்துப் பதறி ஓடுவோம்.

"அது வீட்டுல. ரோட்டுல எதைப் பார்ப்பே?" என்றார் சார்.

"போனைத்தான் சார். போனையும் அதே மணிக்கு மாத்தி வச்சிருக்கேன். சுவத்துல ஒண்ணு, கையில ஒண்ணுன்னு இருந்தா எது நிஜம்னு எங்க வீட்டுக்காரர் சண்டைக்கு வருவாரு. அதான் ரெண்டையும் ஒண்ணாக்கிட்டேன்."

"ரயில்வேயில இருந்திருந்தா உனக்கு மெமோ கொடுத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு சார் அடுத்த கேள்விக்குப் போகப் பார்த்தார். "சார், ஒரு நிமிஷம். அங்கேயே நில்லுங்க" என்றேன். அவரை நான் இடைமறித்தது அதுதான் முதல் தடவை.

போனின் நேரத்தைத்தான் ஃபைல் எடுத்துக்கொள்ளும். ஸ்டெல்லா ஒன்பது மணிக்குச் சேமித்தால் தாளில் ஒன்பதே கால் என்று பதியும். அதற்குப் பிறகு டாக்டர் ஒன்பது ஐந்துக்கு அளவை மாற்றினால் அதில் ஒன்பது ஐந்து என்று பதியும். ஆப் இரண்டையும் பார்க்கிறது. எது பிந்தியது? ஒன்பதே கால். அப்படியானால் ஸ்டெல்லாவின் தாள் புதியது, டாக்டருடையது பழையது. பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வை. ஆப் தன் சூத்திரப்படி ஒழுங்காக வேலை செய்திருக்கிறது.

சொல்லிவிட்டேனே தவிர, நடத்திக் காட்ட வேண்டும் இல்லையா. 'சோதனை அம்மாள்' என்ற பெயரில் ஒரு நோயாளியை உண்டாக்கினேன். ஸ்டெல்லாவின் போனை வாங்கி அதில் ஒரு எண்ணை எழுதிச் சேமித்தேன். டாக்டரின் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்காரும்போது டீ வந்தது. குடித்தேன். நடுவில் யாரோ கூப்பிட, போய் ஒரு பிரிண்டரைச் சரி செய்துவிட்டு வந்தேன். பிறகு அளவை மாற்றிவிட்டுப் போனைப் பார்த்தால், புதிய அளவு அழகாக வந்து உட்கார்ந்திருக்கிறது. எந்தத் தப்பும் நடக்கவில்லை. சார் என்னைப் பார்த்தார். ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள்.

அந்தக் கொஞ்ச நேரம் எனக்கு அவமானமாகவே இருந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. தப்பு என் கணக்கில் இல்லை, டீயில் இருந்தது. கால் மணி நேரத்தைத் தாண்டி மாற்றினால் டாக்டரின் தாள்தான் பிந்தியதாகிவிடும், அதுதான் ஜெயிக்கும். இந்த விபத்து நடக்க வேண்டுமென்றால் டாக்டர் அதற்குள் பதில் எழுதியாக வேண்டும். அதனால்தான் சாயங்காலம் ரிசல்ட் வரும் மற்ற நோயாளிகள் யாருக்கும் இது நடக்கவில்லை. டீச்சருக்கு மட்டும் நடந்தது.

மறுபடி செய்தேன். இந்தத் தடவை போனில் சேமித்த கையோடு ஓடிப் போய் கம்ப்யூட்டரில் அளவைக் குறைத்தேன். டாக்டரையும் கூப்பிட்டு நிற்க வைத்திருந்தேன். குறைத்த அளவு திரையில் இருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கும்போது, யாரும் எதையும் தொடாமல், பழைய அளவு திரும்பி வந்து உட்கார்ந்தது. வரலாற்றைத் திறந்தேன். போன், கம்ப்யூட்டர், போன். ஸ்டெல்லாவின் போன் மேஜையில் எல்லோர் கண்முன்னாலும் கிடந்தது.

டாக்டர் திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். "நான் லேட்டாப் போட்டிருந்தா?" என்றார்.

"ஒண்ணும் ஆகியிருக்காது சார்."

"அப்ப நான் சீக்கிரம் பண்ணதுதான் காரணம்." அவர் நேராக ஸ்டெல்லாவிடம் போய், "ஸாரி சிஸ்டர். உங்களை நான் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது" என்றார்.

அன்றைக்கே எல்லாப் போனிலும் நேரத்தை யாரும் கையால் மாற்ற முடியாதபடி பூட்டினேன். இரண்டு பக்கமும் மாறியிருந்தால் ஒன்றை அழிக்காமல் இரண்டையும் வைத்துக்கொண்டு எங்களைக் கேட்கும்படி ஆப்பின் அமைப்பை மாற்றினேன். ஞானராஜ் சார் அதோடு விடவில்லை, எங்களை மறுபடி தன் அறைக்கு அழைத்துப் போனார். ஃபேன் இன்னும் அணைந்துதான் இருந்தது. "ஸ்டெல்லா, நீ தாளை மறுபடி திறந்து பார்த்தப்ப பழைய அளவு இருந்தது. உனக்குச் சந்தேகம் வரலையா?" என்று கேட்டார்.

"டாக்டர் பார்த்துட்டு, மாத்த வேணாம்னு விட்டுட்டாருன்னு நினைச்சேன் சார். பல வாரம் அப்படித்தானே இருந்தது."

சார் என் பக்கம் திரும்பினார், எனக்கும் அப்போதுதான் புரிந்தது. டாக்டர் பார்த்துவிட்டு மாற்றாமல் விட்டாலும் தாள் அப்படியே இருக்கும். டாக்டர் பார்க்கவே இல்லை என்றாலும் தாள் அப்படியே இருக்கும். டாக்டர் எழுதியது அழிந்து போனாலும் தாள் அப்படியே இருக்கும். வெளியே இருந்து பார்க்கிறவளுக்கு மூன்றும் ஒன்றுதான். அதற்குத்தான் அந்தக் கட்டம், திவ்யா. மாற்றம் இல்லை என்பதையும் டாக்டர் எழுத வேண்டும், அந்த வரியைப் பார்க்காமல் நர்ஸ் மாத்திரைப் பெட்டியைத் திறக்கக் கூடாது. புது ஆப் எவ்வளவு கெட்டிக்கார ஆப்பாக இருந்தாலும் இது இருக்கட்டும்.

உன் கேள்விக்குப் பதில் இதோடு முடிந்தது. ஆனால் ஸ்டெல்லாவின் பிரச்சினை அதோடு முடியவில்லை. எங்கள் அலுவலகத்தில் அவள் பெயர் சுத்தமாகிவிட்டது. டீச்சர் வீட்டில் ஆகவில்லை.

"சாஃப்ட்வேர் ப்ராப்ளம், சரி பண்ணிட்டோம்னு டீச்சரோட பொண்ணுக்கு மெயில் போட்டுடலாம். வேற சிஸ்டரை அனுப்பிடலாம்" என்றார் டாக்டர்.

"பெட்டியில மாத்திரையைப் போட்டது சாஃப்ட்வேர் இல்ல சார். நான்தான். நானே போய்ச் சொல்றேன்" என்றாள் ஸ்டெல்லா. அவள் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஞானராஜ் சார் என்னையும் கூடப் போகச் சொன்னார்.

தாம்பரத்தில் ஆட்டோ பிடித்தோம். முந்தின நாள் நல்ல மழை. "ஏரி பக்கம் ரோட்டுல தண்ணி கீது மேடம், சுத்திக்கினுதான் போவணும்" என்றார் ஆட்டோக்காரர். சுற்றிக்கொண்டு போனோம். வழி முழுவதும் ஸ்டெல்லா விரலில் குத்திப் பார்க்கும் மீட்டர் பையை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். "கேட்டையே திறக்கலைன்னா என்ன மேடம் பண்றது?" என்று கேட்டாள்.

டீச்சரே வந்து கேட்டைத் திறந்தார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். கையில் கன்றல் மஞ்சள் பூத்து மங்கியிருந்தது. எங்களை உள்ளே உட்கார வைத்தார். "உன்னை வரக் கூடாதுன்னு எம் பொண்ணு சொல்லியிருக்கா, தெரியுமில்ல?" என்றார் ஸ்டெல்லாவிடம், கோபமில்லாமல்.

"தெரியும் டீச்சர். சொல்லிட்டுப் போயிடறேன்."

ஸ்டெல்லா சொன்னாள். அவளுக்குக் கடைசியிலிருந்து சொல்லிப் பழகிவிட்டதோ என்னவோ, மாத்திரைப் பெட்டியில் ஆரம்பித்துப் பின்னோக்கியே போனாள். தாள், போன், ஆப், மணி என்று போய் அவள் வீட்டுச் சுவரில் வந்து நின்றாள். நடுவில் ஆப் பற்றிய பகுதியில் தடுமாறியபோது நான் வாயைத் திறந்தேன். டீச்சர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். பக்கத்தில் கிடந்த செய்தித்தாளின் ஓரத்தில் பேனாவால் இரண்டு கோடுகள் போட்டார். ஒன்றில் ஸ்டெல்லாவின் மணி, ஒன்றில் டாக்டரின் மணி. புள்ளி வைத்தார். நகர்த்திப் பார்த்தார். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு இன்னொரு புள்ளி வைத்தார்.

"டாக்டர் கால் மணி கழிச்சு எழுதியிருந்தா?"

"ஒண்ணும் ஆகியிருக்காது டீச்சர்."

"நீ எழுதினதும் சரி. அவர் எழுதினதும் சரி. உடனே எழுதினதும் சரி." டீச்சர் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. நல்ல கணக்கு ஒன்று கையில் கிடைத்த சந்தோஷம்தான், அதை நான் நன்றாகப் பார்த்தேன். பிறகு அது மறைந்தது. "நாலு நாள் ஆஸ்பத்திரி வாசம் எனக்குப் பயமா இருந்தது ஸ்டெல்லா. ரொம்பப் பயந்துட்டேன்" என்றார்.

ஸ்டெல்லா அப்போதுதான் அழுதாள். டீச்சர் அவளை அழ விட்டார். தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை. அழுகை நின்றதும் கேட்டார்.

"போன்ல மணியை மாத்திட்டியா?"

"மாத்தியாச்சு டீச்சர். இனிமே நானே நினைச்சாலும் மாத்த முடியாது. மேடம் பூட்டிட்டாங்க."

"அப்ப ட்ரெயினை எப்படிப் பிடிப்பே?"

"ஓடித்தான் பிடிக்கணும் டீச்சர்."

"எம் பொண்ணுகிட்ட நான் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, டீச்சர் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு விரலை நீட்டினார்.